ஒரே நோயாளி தந்த புகழா? பிரெண்டா மில்னரின் ஆய்வுப் பாதை குறித்து

வாசகர் கேள்வி – செப்டம்பர் 3

உளவியல் முதுகலை படிக்கிறேன். நினைவாற்றல் பற்றிய எந்தப் பாடநூலை எடுத்தாலும் எச்.எம். என்ற நோயாளி இல்லாமல் இல்லை. படிக்கப் படிக்க எனக்கு ஓர் ஐயம் வலுக்கிறது. யாரோ ஓர் அறுவை மருத்துவர் செய்த சிகிச்சையால் நினைவை இழந்த அந்த ஒருவர், நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னரின் எதிரில் வந்து அமர்ந்தார். ஆயுளுக்கும் போதுமான புகழ் அவருக்குக் கிடைத்துவிட்டது. அந்த நோயாளியை வேறு யார் சோதித்திருந்தாலும் இதே முடிவுக்குத்தானே வந்திருப்பார்கள்? நரம்பு உளவியலில் ஆய்வுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதால் கேட்கிறேன்.

செப்டம்பர் 3, இரவு

வலிப்பு நோய்க்கு அறுவை செய்துகொள்ள வருகிறவர்களுக்கு நினைவாற்றல் சோதனைகள் நடத்துவது என் அன்றாட வேலை. நான் மேசைமேல் எடுத்து வைக்கும் சோதனைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மில்னரின் மேசையைக் கடந்து வந்தவை. ஆகவே இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் காலவரிசையைப் பாருங்கள். எச்.எம். முதல் நோயாளி அல்லர். கனடாவின் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளிகளின் மூளையில், காதுக்கு அருகே உள்ள பொட்டு மடலின் ஒரு பகுதியை, ஒரு பக்கத்தில் மட்டும், நீக்கிவந்தார். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தீங்கு நேரவில்லை. ஆனால் இருவருக்கு இடப்பக்க அறுவைக்குப் பிறகு புதிதாக எதுவும் மனத்தில் தங்காமல் போயிற்று. ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பி.பி., எஃப்.சி. என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகிறார்கள். பி.பி. ஒரு பொறியாளர். அவருக்கு அறுவை இரண்டு கட்டமாக நடந்தது. 1946இல் மடலின் வெளிப்பகுதி மட்டும் நீக்கப்பட்டபோது நினைவு நன்றாகவே இருந்தது. வலிப்பு நிற்காததால் 1951இல் மடலின் உள்பக்கத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் சேர்த்து நீக்கினார்கள். அதன் பிறகுதான் நினைவு குலைந்தது. ஒரே மனிதரில், ஒரே பக்கத்தில், இரண்டு அறுவைகளுக்கு இடையில் மாறியது என்ன என்று பார்க்க முடிந்ததால், பொறுப்பு எந்தத் திசுவைச் சேர்ந்தது என்ற ஊகம் அப்போதே பிறந்துவிட்டது.

அடுத்த படிதான் கடினமானது. ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸை இழந்த மற்றவர்களுக்கு நினைவு போகவில்லையே, இந்த இருவருக்கு மட்டும் ஏன் போக வேண்டும்? இவர்களுக்கு மறுபக்கத்து ஹிப்போகாம்பஸும் முன்பே, ஒருவேளை பிறக்கும்போதே, சேதமுற்றிருக்க வேண்டும் என்று பென்ஃபீல்டும் மில்னரும் வாதிட்டார்கள். அந்நாளில் அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வழி எதுவும் இல்லை. பி.பி. 1964இல் வேறு காரணத்தால் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது வலப்பக்க ஹிப்போகாம்பஸ் பழைய சேதத்தால் சுருங்கிப் போயிருந்தது தெரிந்தது. விவரமான அறிக்கை 1974இல்தான் அச்சேறியது.

அமெரிக்க நரம்பியல் சங்கத்தின் 1955ஆம் ஆண்டுக் கூட்டத்துக்காக இவ்விருவரைப் பற்றி எழுதப்பட்ட சுருக்கத்தைக் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் படித்தார். தாம் 1953இல் இரு பக்கமும் அறுவை செய்த ஒருவரிடம் இதே குறையைக் கண்டதாகப் பென்ஃபீல்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அப்படித்தான் எச்.எம். மில்னரிடம் வந்து சேர்ந்தார். நோயாளி தற்செயலாக வந்து அமர்ந்தார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் கேள்வி முன்னரே எழுப்பப்பட்டு, எழுதி வெளியே அனுப்பப்பட்டிருந்ததால்தான் அந்த நோயாளியின் முக்கியத்துவத்தை ஸ்கோவில் உணர்ந்தார்.

செப்டம்பர் 4

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் வெளியிட்ட கட்டுரை எச்.எம். என்ற ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. ஸ்கோவில் அறுவை செய்த மனநோயாளிகள் சிலரையும் சேர்த்துப் பத்துப் பேர் அதில் இருக்கிறார்கள். வெட்டு எவ்வளவு பின்னோக்கிச் சென்றது, நினைவுக் குறை எவ்வளவு கடுமையானது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். வெட்டு ஹிப்போகாம்பஸைத் தொடாமல் முன்னாலேயே நின்றவர்களுக்கு நினைவுக் குறை இல்லை. இந்த ஒப்பீடு இல்லாமல் எச்.எம்.மை மட்டும் வைத்து எழுதியிருந்தால், “மூளையில் பெரிய அறுவை நடந்தது, மறதி வந்தது” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. பாடநூல்கள் மற்ற ஒன்பது பேரை விட்டுவிடுவதால்தான் உங்களைப் போன்ற மாணவர்களுக்கு அதிர்ஷ்டம் என்ற எண்ணம் வருகிறது.

செப்டம்பர் 7

மில்னர் எங்கிருந்து வந்தார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அதுவும் தேவையான செய்திதான்.

1918 ஜூலை 15 அன்று மான்செஸ்டரில் பிறந்தவர். தந்தை சாமுவேல் லாங்ஃபோர்டு, மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் இசை விமர்சகர். மகளுக்குக் கணக்கையும் ஜெர்மன் மொழியையும் வீட்டிலேயே தாமே கற்பித்தார். மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1927இல், அவர் இறந்தார். 1936இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரிக்குக் கணிதம் படிக்கச் சென்ற பிரெண்டா, அதில் தாம் முதல் வரிசைக்கு வர முடியாது என்று உணர்ந்து உளவியலுக்கு மாறினார். 1939இல் தேறியபோது கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை. அந்த உரிமை 1948இல்தான் வந்தது.

போர் மூண்டதும் விமானப் படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சோதனைகளை வகுக்கும் பணி கிடைத்தது. போர் விமானம் ஓட்ட ஏற்றவர் யார், குண்டுவீச்சு விமானம் ஓட்ட ஏற்றவர் யார் என்று சோதனைகளால் பிரித்தறிய வேண்டும். பிறகு ரேடார் திரைகள் தொடர்பான ஆய்வு. அங்கேதான் மின்பொறியாளர் பீட்டர் மில்னரைச் சந்தித்தார். 1944இல் திருமணம், அணுசக்தி ஆய்வுக்காகப் பீட்டருக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வரவே, உடனே கப்பலேறினார்கள்.

விமானிகளைத் தேர்ந்தெடுத்த வேலையை வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அதுதான் அவருடைய உண்மையான பயிற்சிக்கூடம் என்று தோன்றுகிறது. இரண்டு மனிதர்களிடையே உள்ள வேறுபாடு எந்தச் சோதனையில் வெளிப்படும், எதில் மறைந்துபோகும் என்று ஆண்டுக்கணக்கில் யோசித்த ஒருவர்தான் பின்னாளில் வல மடலை இழந்தவரையும் இட மடலை இழந்தவரையும் பிரித்துக் காட்டும் சோதனைகளைக் கண்டெடுத்தார்.

செப்டம்பர் 8

தொடர்ச்சி. மான்ட்ரியாலில் பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகம் ஒன்றில், பிரெஞ்சிலேயே, சுமார் ஏழு ஆண்டுகள் அவர் உளவியல் கற்பித்தார். 1947இல் உளவியலாளர் டொனால்ட் ஹெப் அதே நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தார். நடத்தையை நரம்பணுக்களின் இணைப்புகளால் விளக்கும் அவருடைய நூல் 1949இல் வெளியாவதற்கு முன்பே அதன் கருத்துகளை அவருடைய கருத்தரங்கில் மில்னர் கேட்டார். பென்ஃபீல்டின் நோயாளிகளை ஆராய ஒரு மாணவரை அனுப்பலாம் என்ற வாய்ப்பு ஹெப்புக்குக் கிடைத்தபோது, 1950இல், மில்னரை அனுப்பினார். 1952இல் முனைவர் பட்டம். அதன் பிறகு நிலையான பேராசிரியர் பணியை விட்டுவிட்டு, உளவியலாளருக்கென்று தனி இடமே இல்லாத ஓர் அறுவை நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது எச்.எம். என்ற பெயரை அவர் கேட்டதில்லை. இதை அதிர்ஷ்டம் என்ற கணக்கில் எழுத என்னால் முடியவில்லை.

செப்டம்பர் 12

எச்.எம்.மைப் பற்றியே எழுதாமல் தவிர்க்கிறேனோ என்று யாரும் எண்ண வேண்டாம்.

1955 ஏப்ரலில் மில்னர் மான்ட்ரியாலிலிருந்து இரவு ரயிலில் ஹார்ட்ஃபோர்டு சென்றார். அன்று எச்.எம். மாதத்தை மார்ச் என்றும், ஆண்டை 1953 என்றும், தம் வயதை 27 என்றும் சொன்னார். நுண்ணறிவு ஈவு 112, சராசரிக்கும் மேல். நினைவாற்றலை அதே போன்ற அளவுகோலில் அளக்கும் நினைவு ஈவோ 67. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அந்தக் கட்டுரையின் அடித்தளம். அறிவும் நினைவும் ஒன்றாகத்தான் தேயும் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. மூளை முழுவதும் சேர்ந்துதான் நினைவைத் தாங்குகிறது, குறிப்பிட்ட இடம் எதுவும் கிடையாது என்ற உளவியலாளர் கார்ல் லாஷ்லியின் முடிவும் 1950இல்தான் வெளியாகி இருந்தது.

இன்னொரு முறை, 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு அவரைத் தனியே விட்டபோது, கால் மணி நேரத்துக்குப் பிறகும் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு ஒரு கணக்கைச் சொன்னார்: மூன்றையும் கூட்டினால் 17, எட்டை மனத்தில் வைத்துக் கழித்தால் 9, அதை இரண்டாகப் பிரித்தால் ஐந்தும் நான்கும். அடுத்த நிமிடம் கவனம் வேறிடம் திரும்பியதும் எண் மட்டுமன்று, எண் என்று ஒன்றை நினைவில் வைத்திருந்ததே மறந்துபோயிற்று. கவனத்தில் ஏந்திக்கொண்டிருப்பதும் நெடுநாள் தங்குவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

என் அனுபவத்தில், முதியவர்களை அழைத்து வரும் குடும்பத்தார் மிகவும் குழம்புவது இந்த இடத்தில்தான். “போன் நம்பரைச் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறார், ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று கேட்பார்கள். எண்ணைத் திருப்பிச் சொல்வது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று அவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் 584இன் கதையைத்தான் சொல்கிறேன். கேட்டவர்களுக்கு உடனே புரிகிறது.

செப்டம்பர் 13

நேற்றுக் கண்ணாடிச் சோதனையை விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அதற்குத் தனிக் குறிப்பே வேண்டும் என்றுதான் நிறுத்தி வைத்திருந்தேன்.

இரட்டைக் கோடுகளால் ஆன ஒரு நட்சத்திரம். கையும் தாளும் நேரடியாகத் தெரியாது. கண்ணாடியில் மட்டுமே பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலைக் கொண்டுபோக வேண்டும். முனைகளில் திரும்பும்போது எல்லோருடைய கையும் தவறான பக்கமே ஓடும். பழகப் பழகத்தான் சரியாகும். மூன்று நாள்கள் தொடர்ந்து செய்த எச்.எம்.மின் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன; முதல் நாள் எட்டிய திறமையோடு இரண்டாம் நாளைத் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒரு சோதனையை வாழ்நாளில் செய்ததே இல்லை என்றார். கடைசியில் தம் கை வரைந்ததைப் பார்த்து, கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், எளிதாக அல்லவா வந்துவிட்டது என்ற பொருளில் வியந்தார்.

இந்த முடிவு 1962இல் வெளிவந்தது. கை கற்றுக்கொள்வது வேறு, கற்றதை அறிந்திருப்பது வேறு என்ற பிரிவினை அதன் பின்னரே நினைவாற்றல் ஆய்வின் அடிப்படை வரைபடமாயிற்று. கேள்வி கேட்ட மாணவருக்கு இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எச்.எம்.முக்கு நினைவு இல்லை என்பது ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட செய்தி. அந்த நிலையில், அவரால் எதையாவது கற்க முடியுமா என்று தேடுவதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இழப்பை அளந்து முடித்த பின்பும் எஞ்சியிருப்பதைத் தேடினார் என்பதே மில்னரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம்.

செப்டம்பர் 14

“வேறு யார் பார்த்திருந்தாலும்” என்ற உங்கள் சொற்களைப் பற்றி மேலும் யோசித்தேன். நினைவுக் குறையை வேறொருவரும் கண்டிருப்பார், ஐயமில்லை, வீட்டார்கூடக் கண்டிருந்தார்கள். கண்ணாடிச் சோதனையை வேறொருவர் செய்து பார்த்திருப்பாரா என்பதுதான் சரியான கேள்வி. என் பதில், அநேகமாக நெடுங்காலத்துக்குச் செய்திருக்க மாட்டார்கள் என்பதே.

செப்டம்பர் 19

ஃபிலிப் கோர்சி பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது.

ஒரு பலகையில் ஒழுங்கின்றி ஒட்டப்பட்ட ஒன்பது கட்டைகள். சோதிப்பவர் சிலவற்றை ஒரு வரிசையில் தொட்டுக்காட்ட, எதிரில் இருப்பவர் அதே வரிசையில் தொட வேண்டும். உலகெங்கும் நரம்பு உளவியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் கோர்சி கட்டைகள் இவைதான். கோர்சி மில்னரின் மாணவர். 1972இல் மெக்கில்லில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதைத் தாமே இதழ்க் கட்டுரையாக வெளியிடவில்லை; மில்னரின் கட்டுரைகள் வழியாகவே இந்தச் சோதனை பரவியது.

அந்த ஆய்வேட்டின் அழகு வடிவமைப்பில் இருக்கிறது. எண்வரிசைகளைக் கேட்டுச் சொல்லும்போது, ஒரே வரிசை நடுநடுவே திரும்பத் திரும்ப வந்தால் நாம் அறியாமலே அதில் தேர்ச்சி பெறுகிறோம் என்று ஹெப் காட்டியிருந்தார். கோர்சி அதற்கு இணையாகக் கட்டை வரிசைகளைச் செய்தார். இட ஹிப்போகாம்பஸை இழந்தவர்கள் திரும்ப வரும் எண்வரிசையைக் கற்கவில்லை, கட்டை வரிசையைக் கற்றார்கள். வலப்பக்கத்தை இழந்தவர்களிடம் இதற்கு நேர்மாறு. நீக்கப்பட்ட பகுதி பெரிதாக ஆக, குறையும் பெரிதாயிற்று. ஒரே அமைப்புள்ள இரண்டு சோதனைகள், எதிரெதிரான இரண்டு முடிவுகள். இந்தக் குழு கடினமானதில் திணறியது, அந்தக் குழு எளிதானதில் தேறியது என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

கட்டைகளின் பக்கங்களில் எண்கள் எழுதப்பட்டிருக்கும்; சோதிப்பவருக்கு மட்டும் தெரியும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பலகையைக் கொடுக்கும்போது அதை வடிவமைத்தவரின் பெயரையும் ஆய்வேட்டையும் சொல்லாமல் நான் விடுவதில்லை.

செப்டம்பர் 21

இப்போது நெற்றி மடல். எச்.எம்.முக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதாலேயே இதை வலியுறுத்துகிறேன்.

சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றின்படி பிரிக்க வேண்டும். எந்த விதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு சீட்டை வைத்ததும் சரி, தவறு என்று மட்டும் சொல்வார்கள். தொடர்ந்து பத்துச் சீட்டுகள் சரியானதும், முன்னறிவிப்பின்றி விதி மாறும். விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனை என்று பெயர். 1948இல் வெளியான இந்தச் சோதனையை மில்னர் பென்ஃபீல்டின் நிறுவனத்து நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்தார். 1963ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, நெற்றி மடலின் மேற்புறப் பக்கவாட்டுப் பகுதியை இழந்தவர்கள் விதி மாறிய பின்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூளையின் பிற பகுதிகளில் அறுவை நடந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. இத்தனைக்கும் வழக்கமான நுண்ணறிவுச் சோதனைகளில் நெற்றி மடல் நோயாளிகள் சாதாரணமாகவே மதிப்பெண் பெற்றார்கள்.

இந்தச் சோதனையை முதன்முதலில் நான் நடத்திய நோயாளிகளில், நெற்றி மடலில் கட்டி எடுக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். சீட்டை வைப்பதற்கு முன்பே, “இது தப்புன்னு சொல்லப் போறீங்க” என்றார். சொல்லிக்கொண்டே நிறத்தின்படியே வைத்தார். அடுத்ததும் அப்படியே. அவருடைய மனைவி அறைக்கு வெளியே என்னிடம், “பிடிவாதம் பிடிக்கிறார், சொன்னால் கேட்பதில்லை” என்று வருந்தியிருந்தார். சோதனை முடிந்ததும் இது பிடிவாதம் அன்று, தவறு என்று அறிவதும் அந்த அறிவைக் கொண்டு கையை நிறுத்துவதும் மூளையில் தனித்தனியாக அறுபடக்கூடியவை என்று அவருக்குச் சொன்னேன். அந்த அம்மையாரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அறிந்தும் செய்யும் இந்தப் பிழையை 1963லேயே மில்னர் பதிவு செய்திருக்கிறார்.

செப்டம்பர் 22

நேற்றைய குறிப்புக்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும். இந்தச் சோதனையில் ஒருவர் தடுமாறினால் உடனே நெற்றி மடல் சேதம் என்று முடிவு கட்டக் கூடாது. மனச்சிதைவு நோயிலும் பிற மூளை நோய்களிலும் இதே தடுமாற்றம் வரும். மில்னரின் முடிவு, பாதிப்பின் இடம் அறுவை மருத்துவரின் கையால் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் கிடைத்தது. அந்தத் தெளிவு நம் மேசைக்கு வருகிற எல்லோரிடமும் இருப்பதில்லை. மதிப்பெண் தாளை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுவதைச் சில இடங்களில் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

செப்டம்பர் 28

பேச்சு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஆய்வைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

கழுத்துத் தமனியில் சோடியம் அமைட்டால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினால் அந்தப் பக்கத்து மூளை சில நிமிடங்கள் உறங்கும். அப்போது பேச்சு நின்றால் பேச்சின் இருப்பிடம் அந்தப் பக்கம். ஜப்பானிய மருத்துவர் ஜுன் வாடா வகுத்த இந்த முறையை அவர் மான்ட்ரியாலுக்குக் கொண்டுவந்தபோது, மில்னரும் தியோடர் ராஸ்முசனும் சார்லஸ் பிராஞ்சும் அதை முறையான ஆய்வாக வளர்த்தார்கள். 1977இல் ராஸ்முசனும் மில்னரும் தந்த கணக்கின்படி, சிறுவயதில் இட மூளை பாதிக்கப்படாத வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 96 விழுக்காட்டினருக்கும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் 70 விழுக்காட்டினருக்கும் பேச்சு இடப்பக்கமே இருந்தது. எஞ்சிய இடக்கையர்களில் பாதிப் பேருக்கு வலப்பக்கம். மற்றப் பாதிக்கு இரு பக்கமும். இடக்கைப் பழக்கம் என்றால் மூளை தலைகீழ் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

மில்னரின் தனிப் பங்களிப்பு, மருந்தின் அந்தச் சில நிமிடங்களுக்குள் நினைவையும் சோதித்ததுதான். காரணம் பி.பி.யும் எஃப்.சி.யும். அறுவை செய்யவிருக்கும் பக்கத்தை உறங்கவைத்து, மறுபக்கம் தனியாக நினைவைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால், இன்னொருவர் அவர்களைப் போல ஆகாமல் காக்கலாம். இரண்டு நோயாளிகளுக்கு நேர்ந்த இழப்பு, அடுத்து வந்தவர்களைக் காக்கும் சோதனையாயிற்று. மூளைப் படக் கருவிகள் வந்த பின் இந்தச் சோதனையின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அந்த முன்னெச்சரிக்கைக் கேள்வியை நாங்கள் இன்றும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்கிறோம்.

செப்டம்பர் 30

அறம் பற்றிய கேள்வி வந்திருக்கிறது. வர வேண்டிய கேள்விதான்.

எச்.எம்.முக்குச் செய்யப்பட்டது சோதனை முயற்சியான அறுவை என்பதை 1957ஆம் ஆண்டுக் கட்டுரையே வெளிப்படையாகக் கூறுகிறது. பின்விளைவைக் கண்டபின் இரு பக்கமும் இவ்வாறு வெட்டக் கூடாது என்று ஸ்கோவிலும் எச்சரித்தார். அறுவையில் மில்னருக்குப் பங்கில்லை. அது நடந்து முடிந்த பிறகே அவர் அங்கே போனார். ஆனால் தன்னைச் சோதிக்கிறவர் யார் என்பதையே ஒவ்வொரு முறையும் மறந்துவிடும் ஒருவர், பல பத்தாண்டுகள் நீண்ட ஆய்வுக்குத் தந்த சம்மதத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1960களிலிருந்து அந்த ஆய்வின் பெரும்பகுதியை மில்னரின் மாணவி சூசன் கோர்க்கின் மேற்கொண்டார். எச்.எம். 2008 டிசம்பர் 2 அன்று இறந்த பிறகே ஹென்றி மொலைசன் என்ற அவருடைய பெயர் உலகுக்குச் சொல்லப்பட்டது. மறுஆண்டு அவருடைய மூளை சான் டியாகோவில் 2401 மெல்லிய சீவல்களாக ஆக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

முதலில் நான் எழுதிய குறிப்புகளில் மில்னரின் கூர்மையையே முன்வைத்தேன். அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எந்த நன்மையும் தனக்குத் திரும்பாது என்ற நிலையில், வந்தவர்களிடமெல்லாம் இனிமையாக நடந்து, கேட்டதையெல்லாம் செய்த அந்த மனிதரையும் இந்த ஆய்வின் பங்காளி என்று கொள்ளாமல் மில்னரின் வாழ்க்கையை எழுத முடியாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அக்டோபர் 1

ஒரு சிறு சேர்க்கை. எச்.எம்.மின் மூளையில் வெட்டு எட்டு சென்டிமீட்டர் பின்னோக்கிச் சென்றது என்று ஸ்கோவில் எழுதியிருந்தார். கோர்க்கின் குழு காந்த அதிர்வுப் படம் எடுத்து 1997இல் வெளியிட்டபோது, அது ஐந்து சென்டிமீட்டர் அளவே என்று தெரிந்தது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி எஞ்சியிருந்தது, சுற்றியுள்ள புறணிப் பகுதிகள், அதாவது மூளையின் மேலடுக்குப் பகுதிகள், போயிருந்தன. ஹிப்போகாம்பஸ் மட்டுமே காரணமா, சுற்றுப்புறப் புறணியும் காரணமா என்ற விவாதம் குரங்குகளிடம் மோர்ட்டிமர் மிஷ்கினும் லாரி ஸ்குவயரும் செய்த ஆய்வுகளில் நெடுங்காலம் நடந்தது. 1957இன் மையக் கருத்து நின்றது. எல்லைக் கோடு நகர்ந்தது.

அக்டோபர் 6

நோபல் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். காரணம் தேடி ஊகம் எழுத எனக்கு விருப்பமில்லை. நரம்பறிவியலுக்கான 2014ஆம் ஆண்டின் காவ்லி பரிசை மில்னர், ஜான் ஓகீஃப், மார்கஸ் ரைக்லே ஆகிய மூவரும் பெற்றார்கள். அதே ஆண்டு ஓகீஃப் நோபல் பரிசும் பெற்றார். எலியின் ஹிப்போகாம்பஸில் இடத்தை உணரும் அணுக்களை 1971இல் அறிவித்த ஓகீஃப், முனைவர் பட்டம் பெற்றதும் மெக்கில்லில்தான். மில்னருக்கு அப்போது 96 வயது.

பரிசுகளைவிட மாணவர்களைப் பாருங்கள். இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைக் கேட்கவைத்து, பேச்சு இடப்பக்கம் உள்ளவர்களுக்கு வலக்காது முந்துகிறது என்று 1961இல் காட்டிய டோரீன் கிமுரா. தாம் எதை ஏற்கெனவே தேர்ந்தெடுத்தோம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளும் சோதனையை வகுத்து, நெற்றி மடலின் உட்பிரிவுகளை ஆராய்ந்த மைக்கேல் பெட்ரிடீஸ். மேலே சொன்ன கோர்க்கின், கோர்சி. ஒரு நோயாளியின் புகழில் வாழ்ந்தவரிடமிருந்து இவ்வளவு வேறுபட்ட பாதைகள் கிளைத்திருக்க முடியாது.

அக்டோபர் 9

கடைசியாக வந்திருக்கும் கேள்வி: தமிழும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளின் மூளையில் இரண்டு மொழிகளும் தனித்தனி இடங்களில் இருக்குமா, மில்னர் இது பற்றி ஏதாவது செய்தாரா?

செய்தார், எழுபது வயதைக் கடந்த பிறகு. டெனிஸ் கிளைன், ராபர்ட் சடோர் முதலியோருடன் சேர்ந்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு பிரெஞ்சு கற்றவர்களின் மூளை இரத்த ஓட்டத்தைப் பாசிட்ரான் உமிழ்வுப் படங்களால் பார்த்தார்கள். 1995ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, ஒத்த ஓசைச் சொல்லையோ ஒத்த பொருள் சொல்லையோ தேடும்போது, எந்த மொழியில் தேடினாலும் இட நெற்றி மடலின் அதே பகுதிகள் இயங்கின; இரண்டாம் மொழிக்குத் தனி இடம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு இதே குழு வெளியிட்ட ஆய்வில், கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது மட்டும், இரண்டாம் மொழியில் இடப்பக்கப் புட்டாமென் என்ற உட்பகுதி கூடுதலாக இயங்கியது. பின்னால் கற்ற மொழியின் ஒலிகளை வாயால் உருவாக்கக் கூடுதல் உழைப்பு வேண்டியிருப்பதே காரணம் என்று விளக்கினார்கள்.

இரண்டையும் சேர்த்தே படியுங்கள். பங்கேற்றவர்கள் எல்லோரும் முதல் மொழியில் ஊன்றிய பிறகு, ஐந்து வயதுக்கு மேல், அடுத்த மொழியைக் கற்றவர்கள். ஆகவே தொட்டிலிலிருந்தே இரு மொழி கேட்கும் குழந்தைக்கு இந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது. ஆய்வுக்குப் போகலாமா என்று கேட்ட மாணவர் தொடங்குவதற்கு நல்ல இடம் இங்கே இருக்கிறது. தமிழில் ரகர றகரமும் லகர ளகர ழகரமும் பிரித்து ஒலிக்கக் கற்றவரும், வளர்ந்த பிறகு தமிழ் கற்றவரும் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது என்ன வேறுபாடு தெரியும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முதலில் வேண்டியது நல்ல சொற்பட்டியல். கருவி அதன் பிறகு.